விடை சரி, காரணம் தப்பு

அறிவியல் கேள்வி – பதில்: தில்லி வாசகர் பக்கம்

காற்று மாசு, ஓசோன், அமில மழை, புவி வெப்பமாதல் ஆகியவை பற்றிப் பிள்ளைகள் மனதில் இருக்கும் தப்பான புரிதல்களைக் குறித்து வந்த கடிதங்களை இந்த இதழில் எடுத்துக்கொண்டோம். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறோம். பெயர்களை விட்டுவிட்டுப் பகுதியை மட்டும் போட்டிருக்கிறோம்.

ஆர்.கே.புரம், ஒன்பதாம் வகுப்பு அறிவியல் ஆசிரியை: யூனிட் டெஸ்டில் ஓசோன் பற்றிய கேள்விக்கு ஏறக்குறைய எல்லாரும் முழு மதிப்பெண் வாங்கிவிட்டார்கள். மறுவாரம் வெயிலைப் பற்றிப் பேச்சு வந்தபோது, “ஓசோன்ல ஓட்டை விழுந்ததாலதான் மேடம் இப்படிக் கொளுத்துது” என்கிறார்கள். உண்மையில் என்னதான் புரிந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பது எப்படி? வகுப்பில் 42 பேர். ஒவ்வொருவரையும் உட்கார வைத்துப் பேச எனக்கு நேரம் கிடையாது.

ஒரு பீரியடில் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் அதற்கான கேள்வித்தாளைத் தயாரிக்க இரண்டு வாரம் ஒதுக்குங்கள். அவசரமாகத் தயாரித்த தாள், யூனிட் டெஸ்ட் சொன்னதையேதான் திருப்பிச் சொல்லும்.

“ஓசோன் படலம் எதைத் தடுக்கிறது?” என்று கேட்டால் “புற ஊதாக் கதிரை” என்று எழுதிவிடுவார்கள். அதே பிள்ளை, புற ஊதாக் கதிர் என்றால் சூரியச் சூடு என்றே நினைத்துக்கொண்டிருக்கலாம். விடையில் அது தெரியாது. அதனால் விடையோடு காரணத்தையும் கேட்க வேண்டும். இந்த ஈரடுக்கு வினாக்களைத் தயாரிக்கும் முறையை டேவிட் ட்ரீகஸ்ட் 1988-ல் வகுத்துக் கொடுத்தார். பிறகு மூன்றாவதாக ஒரு படி சேர்ந்தது: “இதில் உனக்கு எவ்வளவு உறுதி?” தெரியாமல் குத்துமதிப்பாகப் போட்டவரையும் தப்பை நம்பிப் போட்டவரையும் பிரித்துக் காட்டுவது இந்தப் படிதான். புவி வெப்பமாதல், பசுமை இல்ல விளைவு, ஓசோன் சிதைவு, அமில மழை என்ற நான்கையும் வைத்து இப்படி ஒரு மூவடுக்குத் தேர்வு 2012-ல் வெளியானது. அதை எழுதியவர்கள் பள்ளிப் பிள்ளைகள் அல்ல, ஆசிரியராகப் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தவர்கள். அவர்களிடமும் இதே குழப்பங்கள் கிடைத்தன என்பதை ஸ்டாஃப் ரூமில் சொல்லி வையுங்கள்.

மாதிரிக்கு ஒரு வினா:

1. பூமி சூடாகிக்கொண்டு வருவதற்கு ஓசோன் படலம் மெலிந்ததே முக்கியக் காரணம்.
(அ) ஆம் (ஆ) இல்லை

2. நீ அப்படிச் சொல்லக் காரணம்:
(க) மெலிந்த இடத்தின் வழியாக அதிக சூரியக் கதிர் உள்ளே வந்து தரையைச் சூடாக்குகிறது.
(ங) மெலிந்த இடத்தின் வழியாக வெப்பம் வெளியே போய்விடுகிறது.
(ச) ஓசோன் தடுப்பது புற ஊதாக் கதிரை. பூமி சூடாவது, தரை வெளிவிடும் அகச்சிவப்புக் கதிரை வேறு சில வாயுக்கள் உறிஞ்சுவதால்.
(ஞ) ஓசோன் படலம் இப்போது முழுக்கச் சரியாகிவிட்டது.
(ட) வேறு காரணம்: ..........

3. மேலே சொன்ன இரண்டு பதில்களும் உனக்கு உறுதிதானா?
(அ) உறுதி (ஆ) உறுதி இல்லை

(ஆ)–(ச)–உறுதி என்று வந்தால் பிள்ளைக்குப் புரிந்திருக்கிறது. (அ)–(க)–உறுதி என்பதுதான் நீங்கள் தேடுவது. இது தெரியாமை இல்லை, தப்பைத் தெளிவாகத் தெரிந்து வைத்திருப்பது. (ஆ)–(ங)–உறுதி என்று போட்டவருக்குப் பழைய முறைத் தேர்வில் முழு மதிப்பெண் விழுந்திருக்கும், ஆனால் அவர் புரிதலும் தப்புதான். உங்கள் வகுப்பில் இந்த ரகம் நிறைய இருக்கும் என்று ஊகிக்கிறோம். “உறுதி இல்லை” என்பவர்களைத் தனியாக எண்ணுங்கள். அவர்களுக்குப் பாடம் சென்று சேரவில்லை, அவ்வளவுதான். நடத்தினால் சரியாகிவிடும். உறுதியோடு தப்பாக இருப்பவர்களுக்கு அதே பாடத்தை மறுபடி நடத்தினால் ஒன்றும் ஆகாது.

இந்த வினாவின் உயிர் காரணப் பட்டியலில் இருக்கிறது. அதை நீங்களே யோசித்து எழுதாதீர்கள். முதல் வாரம் “ஏன்?” என்று கேட்கும் நான்கைந்து திறந்த கேள்விகளைக் கொடுத்து, அரைப் பக்கம் எழுதச் சொல்லுங்கள். ஆங்கிலமோ இந்தியோ தமிழோ, எதில் யோசிக்கிறார்களோ அதில் எழுதட்டும். வந்த வாக்கியங்களில் திரும்பத் திரும்ப வருபவற்றை அவர்கள் சொற்களிலேயே எடுத்துக் காரணங்களாகப் போடுங்கள். நான்கைந்து பிள்ளைகளைக் கூப்பிட்டுப் பத்து நிமிடம் பேசினால், எழுத்தில் வராத இரண்டு மூன்று கிடைக்கும். ஆசிரியர் இட்டுக்கட்டிய தப்பான காரணத்தைப் பிள்ளைகள் தொடவே மாட்டார்கள். அந்த இடம் வீண்.

எங்கெல்லாம் கெட்டுப்போகும் என்றால்: சரியான காரணம் எப்போதும் மிக நீளமான வாக்கியமாக அமைந்துவிடும். மேலே உள்ள மாதிரியிலும் (ச)தான் நீளம். நீங்கள் அச்சடிக்கும்போது மற்றவற்றையும் அந்த நீளத்துக்குக் கொண்டுவாருங்கள். “மேற்கண்ட அனைத்தும்” வேண்டவே வேண்டாம். மதிப்பெண் உண்டு என்றால் எல்லாரும் “உறுதி” என்றே போடுவார்கள், மூன்றாம் அடுக்கு செத்துவிடும். மதிப்பெண் இல்லை என்று முதலிலேயே சொல்லி, பெயருக்குப் பதிலாக அவர்களே வைத்துக்கொள்ளும் ஒரு குறியீட்டு எண்ணை எழுதச் சொல்லுங்கள். பிறகு நடத்தும் மறுதேர்வோடு ஒப்பிட அந்த எண் வேண்டும். 40 நிமிட பீரியடுக்கு 12 வினாக்கள் போதும், ஒரு தலைப்புக்கு மூன்று.

திருத்தும்போது மொத்த மதிப்பெண் போடாதீர்கள். ஒவ்வொரு வினாவுக்கும் மூன்று எண்ணிக்கை: விடை சரி (காரணம் எதுவானாலும்), விடையும் காரணமும் சரி, இரண்டும் சரியாக இருந்து உறுதியும் உண்டு. முதல் எண்ணிக்கை 30, மூன்றாவது 9 என்று வந்தால், இடையிலுள்ள 21 பேரைத்தான் யூனிட் டெஸ்ட் உங்கள் கண்ணிலிருந்து மறைத்திருக்கிறது. ஒரே தப்பான விடை–காரணக் கூட்டணி, உறுதியோடு, பத்தில் ஒருவருக்கு மேல் வந்தால் அதை வகுப்பின் பொதுக் குழப்பமாக எடுத்துக்கொள்ளலாம். விடை தப்பு, காரணம் சரி, உறுதி உண்டு என்பது அந்த அளவுக்கு வந்தால், பிழை பிள்ளைகளிடம் இல்லை. உங்கள் கேள்வி வாக்கியம் குழப்புகிறது. குறிப்பாக, எதிர்மறையில் கேட்ட கேள்விகளில் இது நடக்கும்.

மயூர் விஹார், ஏழாம் வகுப்பு மாணவனின் தாய்: பட்டாசே வேண்டாம் என்கிறான் என் பையன். சந்தோஷம்தான். ஆனால் “பட்டாசுப் புகை மேலே போய் ஓசோன்ல ஓட்டை போடும்மா” என்கிறான். நல்ல பழக்கம் வந்திருக்கும்போது அதைக் கெடுப்பானேன் என்று விட்டுவிட்டேன். சரிதானா?

விடாதீர்கள். புகை மேலே போய்விடுகிறது என்று நம்பும் பிள்ளை, கீழே தான் மூச்சில் இழுப்பதைப் பற்றிக் கவலைப்படாது. தில்லியில் உண்மையான ஆபத்து அதுதான்.

உடனே “தப்பு” என்று சொல்ல வேண்டாம். ஒரு தாளில் படம் போடச் சொல்லுங்கள்: வீடு, குதுப் மினார், விமானம், ஓசோன் படலம், பட்டாசுப் புகை. எது எவ்வளவு உயரம் என்று கேளுங்கள். குதுப் மினார் சுமார் 73 மீட்டர். விமானம் பறப்பது 10, 12 கிலோமீட்டரில். ஓசோன் அடர்ந்திருப்பது சுமார் 15 முதல் 35 கிலோமீட்டர் வரை. நவம்பர் இரவில் தில்லித் தரை சீக்கிரம் குளிர்ந்து, அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துக் கிடக்கும். அதற்கு மேல் இருப்பது சூடான காற்று. சாதாரணமாக உயரே போகப் போகக் குளிர வேண்டியது தலைகீழாகிவிடுவதால், புகை சில நூறு மீட்டரைத் தாண்டாமல் நகரத்தின் மேலேயே படுத்துக்கொள்கிறது. விமானத்தைக்கூட எட்டாத புகை ஓசோனை எப்படி எட்டும் என்று அவனே கேட்பான்.

அடுத்து, “அப்போ ஓசோனைக் கெடுத்தது எது?” என்று வருவான். குளோரோ ஃபுளூரோ கார்பன்கள். பழைய ஃப்ரிட்ஜிலும் ஸ்ப்ரே டப்பாக்களிலும் இருந்தவை. எதனோடும் வினை புரியாது, மழையில் கரையாது. அதனாலேயே வருடக்கணக்கில் மிதந்து மேலே போய்ச் சேர்கிறது. அங்கே புற ஊதாக் கதிர் அதை உடைத்துக் குளோரினை வெளிவிடுகிறது. புகைத்துகளுக்கு அவ்வளவு ஆயுள் கிடையாது. சில நாள், மிஞ்சினால் சில வாரம். மழையோடு இறங்கிவிடும் அல்லது படிந்துவிடும்.

ஒரு கொசுறு: பட்டாசு ஓசோனை அழிக்கவில்லை, தரைமட்டத்தில் ஓசோனை உண்டாக்குகிறது. மத்தாப்பு ஒளியால் இது நடப்பதை ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தில்லி தீபாவளியிலேயே கவனித்து, 2001-ல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். தரையில் இருக்கும் ஓசோன் நுரையீரலுக்குக் கெடுதல். பட்டாசு வேண்டாம் என்பதற்கு இது இன்னும் நல்ல காரணம்.

லாஜ்பத் நகர்: பள்ளிகளில் எந்தப் போஸ்டரைப் பார்த்தாலும் “மரம் நடுவோம், மாசை ஒழிப்போம்”தான். அது தப்பா?

மரம் நடுவது தப்பில்லை. மரம் எடுத்துக்கொள்வது கார்பன் டை ஆக்சைடை. டிசம்பரில் நம் தொண்டையை அறுப்பது நுண்துகள். இலைகள் கொஞ்சம் தூசியைப் பிடிக்கும், அவ்வளவுதான். வண்டிப் புகை, கட்டுமானத் தூசி, குப்பை எரிப்பு, ஆலைகள், அக்டோபர்–நவம்பரில் பராலி (வயலில் எரிக்கும் பயிர்த்தாள்) என்று வரும் அளவுக்கு அது ஈடாகாது. போஸ்டரில் மரம் வரைந்த பிள்ளையிடம் “மரம் எந்த மாசை எடுக்கும்?” என்று ஒரு கேள்வி கேளுங்கள். பதில் “எல்லாத்தையும்” என்று வந்தால், அந்தப் பிள்ளை மனதில் மாசு என்பது ஒரே பொருள்.

கரோல் பாக், பத்தாம் வகுப்பு மாணவர்: நேற்று ஏ.க்யூ.ஐ. (காற்றுத் தரக் குறியீடு) 400, போன வாரம் 200. காற்று இரண்டு மடங்கு கெட்டுவிட்டது என்று சொல்லலாமா? மே மாதத்தில் ஆப் “முக்கிய மாசு: ஓசோன்” என்று காட்டியது. ஓசோன் நல்லதுதானே?

சொல்லக்கூடாது தம்பி. ஏ.க்யூ.ஐ. என்பது மாசின் அளவு இல்லை, அளவை வைத்துப் போடும் குறியீட்டு எண். பி.எம். 2.5 துகளுக்கு (2.5 மைக்ரோமீட்டருக்கு உட்பட்ட நுண்துகள்) மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அட்டவணை இப்படிப் போகிறது: கன மீட்டருக்கு 30 மைக்ரோகிராம் வரை குறியீடு 50, 60-க்கு 100, 90-க்கு 200, 120-க்கு 300, 250-க்கு 400. ஆக, 200 என்றால் 90 மைக்ரோகிராம், 400 என்றால் 250 மைக்ரோகிராம். குறியீடு இரண்டு மடங்கானபோது துகள் கிட்டத்தட்ட 2.8 மடங்கு. படிகள் சம உயரம் இல்லை என்பதால் வந்த வித்தியாசம்.

இன்னொன்று: பல மாசுகளின் சராசரிதான் ஏ.க்யூ.ஐ. என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பி.எம். 2.5 அளவு 180 என்றால் அதன் துணைக் குறியீடு 346. பி.எம். 10 அளவு 300 என்றால் 250. அன்றைய ஏ.க்யூ.ஐ. 346, இரண்டில் பெரியது எதுவோ அது. கூட்டி வகுப்பதே இல்லை. “முக்கிய மாசு” என்று ஆப் காட்டுவது அந்தப் பெரிய எண்ணுக்குச் சொந்தக்காரரை. துகளுக்கு 24 மணி நேரச் சராசரியையும், ஓசோனுக்கும் கார்பன் மோனாக்சைடுக்கும் 8 மணி நேர அளவையும் எடுக்கிறார்கள். சில வெளிநாட்டு ஆப்கள் வேறு அட்டவணையை வைத்து, அந்த நேரத்து அளவைக் காட்டும். இரண்டு ஆப்களின் எண்களை ஒப்பிட்டு நண்பர்களோடு சண்டை போட வேண்டாம்.

ஓசோன் விஷயம்: பொருள் ஒன்றுதான், இருக்கும் இடம் வேறு. மேலே இருக்கும்போது புற ஊதாக் கதிரை வடிகட்டுகிறது. தரையில் வண்டிப் புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளும் பெட்ரோல், பெயிண்ட் போன்றவற்றின் ஆவிகளும் கடும் வெயிலில் சேரும்போது உருவாவதை நாம் மூச்சில் இழுக்கிறோம். அதனால்தான் மே, ஜூன் மதியத்தில் அது தலைதூக்குகிறது. இங்கே கூடும் ஓசோன் மேலே போய் அங்கே குறைந்ததை நிரப்பாது; அவ்வளவு நாள் அது தாக்குப்பிடிக்காது.

உங்கள் வகுப்புத் தோழர்களைச் சோதிக்க ஒரு கேள்வி: ஏ.க்யூ.ஐ. கணக்கில் உள்ள எட்டு மாசுகளில் கார்பன் டை ஆக்சைடு உண்டா? கிடையாது. பி.எம். 10, பி.எம். 2.5, நைட்ரஜன் டை ஆக்சைடு, சல்ஃபர் டை ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, ஓசோன், அம்மோனியா, ஈயம். “ஏ.க்யூ.ஐ. குறைந்தால் பூமி குளிரும்” என்று நம்புகிறவர்கள் இந்தப் பட்டியலைப் பார்த்ததும் கொஞ்சம் யோசிப்பார்கள்.

ஜனக்புரி, கண்காட்சிப் பொறுப்பாசிரியர்: பசுமை இல்ல விளைவைக் காட்ட இரண்டு பாட்டில், ஒன்றில் சோடா உப்பும் வினிகரும் போட்டுக் கார்பன் டை ஆக்சைடு, மற்றதில் சாதாரணக் காற்று. மேலே விளக்கு. கார்பன் டை ஆக்சைடு பாட்டில் அதிகம் சூடாக வேண்டும். எங்களுக்கு ஒரு வருடம் வருகிறது, ஒரு வருடம் வரவில்லை. எங்கே தவறு?

வராத வருடத்துக்குக் காரணங்கள் சுலபம். சோடா உப்பும் வினிகரும் சேரும்போது குளிர்ச்சி உண்டாகும். பாட்டிலுக்குள்ளேயே கலந்தால் அது குளிர்ந்த நிலையில்தான் தொடங்கும்; வேறு குடுவையில் வாயுவை உண்டாக்கிக் குழாய் வழியே அனுப்புங்கள். எல்.இ.டி. பல்பில் போதிய சூடு கிடையாது. பழைய இழை பல்போ ஹாலோஜனோ வேண்டும். தெர்மாமீட்டர் குமிழில் நேராக வெளிச்சம் பட்டால் அது காற்றின் வெப்பநிலையைக் காட்டாது, தன் சூட்டைக் காட்டும். முன்னால் ஒரு சிறு அட்டையை மறைப்பாக வையுங்கள். இரண்டு தெர்மாமீட்டரையும் முதலில் ஒரே தண்ணீரில் வைத்துப் பாருங்கள். அரை டிகிரி வித்தியாசம் அங்கேயே இருக்கலாம். பாட்டில்களை இடம் மாற்றி மறுபடி செய்யுங்கள். விளக்குக்கு ஒரு சென்டிமீட்டர் கிட்டே இருந்தாலே முடிவு மாறிவிடும்.

ஆனால் வந்த வருடம்தான் பெரிய சிக்கல். கார்பன் டை ஆக்சைடு காற்றைவிடக் கனமானது. மூலக்கூறு எடை 44, காற்றுக்குச் சராசரி 29. கனமான வாயு கீழே தங்கி, சூடான காற்று மேலெழுந்து கலப்பதைத் தடுக்கிறது. பாட்டில் சூடாவது பெரும்பாலும் இதனால்தான். 2010-ல் ஓர் ஆய்வில் அதே அமைப்பில் ஆர்கானை நிரப்பிப் பார்த்தார்கள். ஆர்கானின் எடை 40; அகச்சிவப்பை அது உறிஞ்சவே உறிஞ்சாது. ஆனாலும் கார்பன் டை ஆக்சைடைப் போலவே சூடாகியது. ஒரு சாண் அகலப் பாட்டிலில் அகச்சிவப்பு உறிஞ்சல் அவ்வளவு சின்னது. வளிமண்டலத்தில் அது பெரிதாவது பல கிலோமீட்டர் உயரத்துக்கு வாயு இருப்பதால். இந்தக் கண்காட்சிப் பொருளும் விடை சரி, காரணம் தப்பு என்ற ரகம்தான்.

பதிலுக்கு ஒன்று செய்யலாம். பட்டறைகளில் பயன்படுத்தும் அகச்சிவப்பு வெப்பமானித் துப்பாக்கி ஒன்று வாங்குங்கள், குறைந்தது மைனஸ் 50 டிகிரி வரை காட்டுவது. கொரோனா காலத்தில் வாங்கிய காய்ச்சல் துப்பாக்கி ஆகாது, உடம்புச் சூட்டுக்கு வெளியே போனால் “லோ” என்று மட்டும் காட்டும். மொட்டை மாடியில், இரவில், மேகமில்லாத வானத்தை நோக்கி நேர் மேலாகப் பிடித்து அளவைக் குறிக்கவும். மேகமூட்டமான இரவில் அதே இடத்தில் மறுபடி. மேகம் இருக்கும்போது வானம் பல டிகிரி சூடாகக் காட்டும். வளிமண்டலம் கீழ்நோக்கி அகச்சிவப்பை அனுப்புகிறது என்பது கண்ணெதிரே தெரியும். பக்கத்துக் கட்டிடச் சுவர் பார்வைக்குள் வரக்கூடாது. பகலில் சூரியன் பக்கம் திருப்பக் கூடாது. பனிமூட்ட ஜனவரியைவிட ஆகஸ்ட் மேகத்தையும் அக்டோபர் தெளிவான வானத்தையும் ஒப்பிடுவது நல்லது.

இதிலும் ஒரு எச்சரிக்கை. இந்தத் துப்பாக்கி பார்ப்பது 8 முதல் 14 மைக்ரோமீட்டர் வரை. அங்கே பெரும்பாலும் நீராவியும் மேகமும்தான் பேசும், கார்பன் டை ஆக்சைடு இல்லை. அதை அட்டையில் எழுதி ஒட்டிவிடுங்கள். நீராவியும் பசுமை இல்ல வாயு என்பதே பல பிள்ளைகளுக்குப் புதுச் செய்தியாக இருக்கும். பசுமை இல்ல விளைவு முழுக்கக் கெட்டது என்ற எண்ணத்தையும் அங்கேயே உடைக்கலாம்: அது இல்லாவிட்டால் பூமியின் சராசரி வெப்பநிலை சுமார் மைனஸ் 18 டிகிரி, இருப்பதால் சுமார் 15. சிக்கல், 1958-ல் ஹவாயின் மௌனா லோவாவில் அளக்கத் தொடங்கியபோது 315 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 315 பங்கு) இருந்த கார்பன் டை ஆக்சைடு இப்போது 420-ஐத் தாண்டிவிட்டதில் இருக்கிறது.

முனிர்கா: புது ஏ.சி. ஓசோனை அழிக்குமா?

வெளி யூனிட்டில் ஒட்டியிருக்கும் சீட்டில் குளிர்பதன வாயுவின் பெயரைப் பாருங்கள். ஆர்-22 என்றிருந்தால் கொஞ்சம் அழிக்கும். ஆர்-32 அல்லது ஆர்-410ஏ என்றிருந்தால் அழிக்காது, ஆனால் கசிந்தால் பூமியைச் சூடாக்கும். ஆர்-32 ஒரு கிலோ, 100 ஆண்டுக் கணக்கில் சுமார் 675 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். “ஓசோனுக்கு நல்லது” என்ற விளம்பரத்தைப் “பூமிக்கு நல்லது” என்று படிக்காதீர்கள்.

நொய்டா, அறிவியல் மன்றம்: அமில மழையில் தாஜ்மகால் மஞ்சளாகிறது என்று பாடம். தில்லி மழையின் பி.எச். அளவைப் (எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) பார்த்தோம், 6-க்கு மேல் வந்தது. மீட்டர் கெட்டுவிட்டதா? மழையில் நனைந்தால் தோல் வெந்துவிடுமா என்று சின்னப் பிள்ளைகள் பயப்படுகிறார்கள்.

மீட்டர் சரியாகவே இருக்கலாம். மாசே இல்லாத மழைகூடக் கார்பன் டை ஆக்சைடு கரைவதால் 5.6 வாக்கில்தான் இருக்கும். அமில மழை என்பது அதற்குக் கீழே. வட இந்தியாவில் காற்றில் பறக்கும் மண் தூசியில் கால்சியம் கார்பனேட் அதிகம். சல்ஃபர், நைட்ரஜன் ஆக்சைடுகள் உண்டாக்கும் அமிலத்தை அது சமன் செய்துவிடுகிறது. தில்லியில் மழை அமிலமாக இல்லை என்றால் காற்று சுத்தம் என்று அர்த்தம் இல்லை. தூசி அதிகம் என்று அர்த்தம். இதைப் பிள்ளைகளிடம் கேள்வியாகக் கேட்டுப் பாருங்கள், மிக நல்ல சோதனை வினா.

அளவை நம்ப வேண்டுமானால்: பிளாஸ்டிக் புனலையும் பாட்டிலையும் காய்ச்சி வடித்த நீரில் மூன்று முறை அலசுங்கள். குழாய்த் தண்ணீரின் ஒரு துளி மிச்சம் இருந்தாலும் முடிவு கெடும். மழை தொடங்கிய பிறகு திறந்த வெளியில், தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில், மரத்துக்கும் கூரைக்கும் தள்ளி வையுங்கள். முன்பே வைத்துவிட்டால் அளப்பது தூசியைத்தான். முதல் பத்து நிமிட நீரைத் தனிப் பாட்டிலில் பிடியுங்கள், பிந்தைய நீரோடு ஒப்பிடத்தான் சுவாரசியம். பி.எச். தாள் இதற்குப் போதாது. பேனா மீட்டரை, பி.எச். 4, 7 என்று முன்பே தெரிந்த இரண்டு பஃபர் கரைசல்களிலும் சரிபார்த்துவிட்டு, மழைநீரில் அயனிகள் குறைவு என்பதால் எண் நிலைக்க இரண்டு மூன்று நிமிடம் பொறுங்கள். பாட்டிலில் கிடந்த காய்ச்சி வடித்த நீர் 7 காட்டாமல் 5.7, 6 என்று காட்டினால் பதறாதீர்கள். அது காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டிருக்கிறது. 5.6-க்கும் 4.6-க்கும் வித்தியாசம் ஒன்று இல்லை, பத்து மடங்கு என்பதையும் சொல்லிவிடுங்கள்.

தோல் வேகாது. நல்ல அமில மழையே 4, 4.5 வாக்கில்தான், தயிரும் அந்த அளவுதான், எலுமிச்சைச் சாறு 2-க்குப் பக்கம். கெடுவது மண், ஏரி, மீன், செடி, சுண்ணாம்புக் கல், பளிங்கு. தாஜ்மகாலைப் பொறுத்தவரை, ஆலைகளின் சல்ஃபர் டை ஆக்சைடு பளிங்கை அரிக்கும் என்ற கவலை நியாயமானது. உச்ச நீதிமன்றம் 1996-ல் சுற்றுவட்டாரத் தொழிற்சாலைகளை நிலக்கரியைக் கைவிடச் சொன்னதும் அதனால்தான். ஆனால் நிறம் மாறியதை ஆராய்ந்த 2015-ம் ஆண்டு ஆய்வு காட்டியது வேறு: மேலே படிந்த தூசியும், குப்பை, சாணம், விறகு எரிவதில் வரும் கரித்துகள்களும். அரிப்பு ஒன்று, அழுக்கு ஒன்று. பாடம் இரண்டையும் சேர்த்து ஒரே வரியில் போட்டுவிட்டது.

ரோஹிணி, ஆசிரியர்: குழப்பங்களைக் கண்டுபிடித்தேன், விளக்கினேன், தலையாட்டினார்கள். ஒரு மாதம் கழித்து அதே பதில்கள். இனி என்ன?

சரியானதை மட்டும் சொல்லியிருப்பீர்கள். பழைய எண்ணத்தை வெளிப்படையாக எடுத்து வைத்து, அது எங்கே உடைகிறது என்று காட்டாவிட்டால், புதியது அதன் மேலே ஒரு பூச்சாக ஒட்டிக்கொண்டு ஒரு மாதத்தில் உதிர்ந்துவிடும். ஓசோன்–வெப்பம் குழப்பத்துக்கு எங்களுக்குப் பிடித்த வழி, இரண்டு கோடுகளைப் பலகையில் போடுவது. ஓசோனை அழிக்கும் வாயுக்களைக் கட்டுப்படுத்திய 1987 மான்ட்ரியல் ஒப்பந்தத்துக்குப் பிறகு ஓசோன் மெல்ல மீண்டுகொண்டிருக்கிறது; அண்டார்டிகாவில் 2066 வாக்கில் 1980-ன் நிலைக்குத் திரும்பும் என்பது ஐ.நா. மதிப்பீடு. அதே காலத்தில் பூமியின் வெப்பநிலை ஏறிக்கொண்டே இருக்கிறது. “ஓட்டைதான் காரணம் என்றால், ஓட்டை அடைபடும்போது ஏன் சூடு ஏறுகிறது?” என்று கேட்டுவிட்டு நீங்கள் பேசாமல் இருங்கள். இரண்டு நிமிட மௌனம் வகுப்பில் நீளமாகத்தான் இருக்கும், தாங்கிக்கொள்ளுங்கள். பிறகு சொல்லுங்கள்: சூரிய ஆற்றலில் புற ஊதாவின் பங்கு பத்து சதவீதத்துக்கும் குறைவு, மேலடுக்கில் ஓசோன் குறைவது தனியாகப் பார்த்தால் பூமியை மிகச் சிறிதளவு குளிர்விக்கவே செய்கிறது.

மறுதேர்வை மூன்று நான்கு வாரம் கழித்து வையுங்கள், அதே வினாக்களை அப்படியே கொடுக்காமல் சூழலை மாற்றி. “வேறு காரணம்” என்ற வரியில் எழுதியதை முதலில் படியுங்கள். யாராவது “குளோரோ ஃபுளூரோ கார்பன் ஓசோனையும் அழிக்கும், அதுவே பூமியையும் சூடாக்கும், அதனால் இரண்டுக்கும் தொடர்பு உண்டு” என்று எழுதியிருந்தால், விடைக் குறிப்போடு ஒத்துவரவில்லை என்று தப்புப் போட்டுவிடாதீர்கள். அந்தப் பிள்ளை எழுதியது உண்மை.